நீர்ச் சுழற்சிப் பாடம் கிணற்றடியில் நடக்கட்டும்

நடுநிலைப் பள்ளி மாணவனிடம் நீர்ச் சுழற்சி என்றால் என்னவென்று கேட்டால் கடல், ஆவி, மேகம், மழை, ஆறு, மீண்டும் கடல் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான். அவன் வீட்டுக் கிணற்றில் சித்திரையில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, கார்த்திகையில் எத்தனை அடி என்று கேட்டால் விழிப்பான். கரும்பலகைப் படத்தில் மழைநீர் மலையிலிருந்து இறங்கி நேரே கடலுக்குப் போய்விடுகிறது. மண்ணுக்குள் இறங்கும் நீருக்கு ஓர் அம்புக்குறி உண்டு, அதுவும் ஓரமாகத்தான். கிணற்றுப் பாசனத்தை நம்பிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த அம்புக்குறிதான் சோறு.

இதைக் கற்பிக்கச் செலவு அதிகமில்லை. நேர்ச்சுவர் உள்ள தகர டப்பாவைத் திறந்தவெளியில் வைத்துத் தினமும் காலையில் அளந்தால் அதுவே மழைமானி. ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் என்ற கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். கல் கட்டிய கயிற்றால் வாரம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தையும் அளக்கலாம். (கைப்பிடிச் சுவர் உள்ள கிணறாக இருக்க வேண்டும்; ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும்.) ஐப்பசி மழைக்கு எத்தனை நாள் கழித்து மட்டம் ஏறுகிறது, கண்மாய் நிரம்பினால் பக்கத்துக் கிணறு ஏன் முந்துகிறது என்பதெல்லாம் நோட்டிலேயே தெரிந்துவிடும்.

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களுக்கு வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும் ஊரில் மாணவர்களை அங்கேயே அழைத்துப் போய்க் காட்டலாம்.