கதை சொன்னவர் யார்?

சின்ட்ரெல்லா கதை எந்நாட்டுக்கு உரியது என வினவினால், ஐரோப்பாவுக்கு உரியது என்றே மாணவர் பெரும்பாலோர் விடை பகர்வர். கண்ணாடிக் காலணியும் பூசணி வண்டியும் அவர்தம் நினைவில் நிற்பதே காரணம். அவ்விரண்டும் 1697-இல் பாரிசில் வெளியான சார்ல்ஸ் பெரோவின் நூலில் வருவன. கதையோ அந்நூலினும் மிகப் பழமையானது.

இதன் மூலத்தைத் தேடுவோர் சிலர் எகிப்துக்குச் செல்வர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க நிலநூலார் ஸ்ட்ராபோ, நீராடிக்கொண்டிருந்த ரோடோபிஸ் என்பாளின் காலணியைக் கழுகொன்று கவர்ந்து சென்று மெம்பிஸ் நகரில் மன்னன் மடியில் இட்டதாகவும், அவன் அவளைத் தேடுவித்து மணந்ததாகவும் எழுதியுள்ளார். இதுவே மூலக்கதை என்னும் கூற்று எமக்கு உடன்பாடன்று. அங்கே மாற்றாந்தாய் இல்லை; அல்லலுறும் மகள் இல்லை. காலணி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே கதை ஆகிவிடா.

சீனத்து யே சியென் கதை அத்தகையதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்னும் அறிஞர் அதனை ஏட்டில் எழுதிவைத்தார். மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி மீன் ஒன்றை அன்புடன் வளர்க்கிறாள். மாற்றாந்தாய் அதனைக் கொன்று சமைத்து உண்கிறாள். அப்பெண் மீனின் எலும்புகளை எடுத்து மறைத்துவைத்து, வேண்டியன வேண்டியாங்குப் பெறுகிறாள். விழாவிலிருந்து விரைந்து திரும்புகையில் பொற்காலணி ஒன்றை இழக்கிறாள். அது கைமாறித் தீவரசன் ஒருவனை அடைய, அதற்குரிய பெண்ணை அவன் தேடுகிறான். பெரோவுக்கு எண்ணூறு ஆண்டுகள் முற்பட்ட ஏட்டில் ஏறக்குறைய முழுக்கதையும் உள்ளது!

ஆயினும் சீனமே தாயகம் என முடிவு கட்டுதல் பொருந்தாது. எழுதப்பட்ட காலம் வேறு. பிறந்த காலம் வேறு. அந்நாளில் அங்கே இக்கதை வழங்கியது என்பதையே ஏடு காட்டும். 1893-இல் மேரியன் ரோல்ஃப் காக்ஸ் அம்மையார் இக்கதையின் 345 வடிவங்களைத் தொகுத்தார். அவற்றுள் தாய் எது, சேய் எது எனத் துணிந்துரைப்பது எளிதோ?

துவான் செங்ஷியிடம் யாம் பெரிதும் போற்றுவது வேறொன்று. கதையின் இறுதியில், இதனைத் தமக்குச் சொன்னவர் தம் இல்லத்தின் பழைய பணியாளர் லி ஷியுவான் என்றும், அவர் தெற்கே யோங்சோ பகுதியினர் என்றும், அப்பகுதியின் விந்தைச் செய்திகள் பலவற்றை நினைவில் கொண்டவர் என்றும் குறித்துள்ளார். பணியாளர் பெயரை ஏட்டிலேற்ற அவர் நாணவில்லை.

நம் நாட்டுப்புறவியல் ஆய்வேடுகள் சிலவற்றிலோ, 'ஒரு மூதாட்டி கூறியது' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அடிக்குறிப்பில் அறிஞர் பெயரை ஓரெழுத்தும் பிறழாமல் எழுதும் நாம், கதை தந்தவரைப் பெயரற்றவர் ஆக்குதல் முறையன்று. மாணவர்கள் இவ்விடுமுறையில் தத்தம் வாப்பும்மாவிடமோ உம்மம்மாவிடமோ, அண்டை வீட்டுப் பாட்டியிடமோ சென்று அமரட்டும். இசைவு பெற்றுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யட்டும். பெயர், அகவை, ஊர், நாள் ஆகியவற்றோடு, 'இக்கதையை நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?' என்பதையும் கேட்டு எழுதட்டும். அவ்வினாவின் விடை கதையை மேலும் ஒரு தலைமுறை பின்னோக்கி இட்டுச் செல்லும். சில வேளை கடல் கடந்து கொழும்புக்கோ பினாங்குக்கோ கூட இட்டுச் செல்லலாம்.