தொற்று வேற, தீட்டு வேற

சாதி ஒரு நோய் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. நோய் என்றால் என்ன என்று மூன்று வருசமாகப் படித்துக்கொண்டிருக்கும் நர்சிங் மாணவி நான். காய்ச்சல் வந்தவனுக்கு உடம்பு வலிக்கும். சாதி பிடித்தவனுக்கு எங்கேயும் வலிக்காது. அவன் எதிரில் நிற்கிறவனுக்குத்தான் வலிக்கும். கிருமி ஆள் பார்த்து ஒட்டுவதில்லை. சாதி ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது. சாதியை நோய் என்று சொல்லி, சாதி இந்துவை நோயாளியாக்கி, அவன் மீது நம்மையே இரக்கப்படச் சொல்கிற இந்த மோசடியை முதலில் நிறுத்துங்கள். சாதி தானாக வருவதில்லை. தினமும், திட்டம் போட்டு, ஆள் வைத்துச் செய்யப்படுகிறது.

இது பாடப்புத்தகத்தில் கிடைத்த அறிவு இல்லை. வருசா வருசம் பங்குனி, சித்திரை லீவுக்கு வீட்டுக்கு வந்து போறதுல கிடைச்ச அறிவு.

கூடப் படிக்கிற பிள்ளைங்க லீவுன்னா ஊட்டி, கொடைக்கானல்னு பேசுவாங்க. பேசட்டும். காலனிக்கு வர்ற நர்சிங் மாணவிக்கு லீவு கிடையாது. விடியறதுக்கு முன்னாடி குழாயடி. தண்ணி பிடிச்சு வந்து நிமிர்றதுக்குள்ள, களையெடுக்கப் போற பொம்பளைங்க வாசல்ல நிக்கிறாங்க. ‘யம்மா, தலைய சுத்துது, பிரஷரு பாரு.’ ‘பாப்பா, கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது, சக்கரையான்னு பாரேன்.’ ஒரு பி.பி. மெஷின், ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் பஞ்சு, இதுதான் அந்த ரெண்டு வாரத்துக்கு எங்க தெருவோட ஆஸ்பத்திரி. துணை சுகாதார நிலையம் ஊர்த்தெருவுல, கோயிலை ஒட்டி இருக்குது. புதன்கிழமை தடுப்பூசிக்கு எங்க தாய்மாருங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போவாங்க. மத்த நாள்ல ‘அந்தத் தெருவுல எதுக்கு வம்பு’ன்னு போறதில்லை. தூரம் அரை கிலோமீட்டர் இருக்கும். அதிகாரி வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். டேப்பு பிடித்து அளக்கிறவனுக்குச் சாதியின் நீளம் தெரியாது.

லீவுக்கு அனுப்பும்போது கையில் ஒரு கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து அனுப்புகிறார்கள். இருபது வீடு பார்த்து எழுதி வரவேண்டும். குடிதண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், காய்ச்சிக் குடிக்கிறார்களா, கக்கூசு இருக்கிறதா, சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம் உண்டா? எல்லாம் கேள்வி. ‘மதம், சாதி’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எஸ்.சி. என்று எழுதினால் முடிந்தது.

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. எங்கள் சாதியை எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியைத் திறக்கிறவன் எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறான், எங்கள் தெருவுக்கு எத்தனை நிமிசம் விடுகிறான், குழாய் உடைந்தால் எத்தனை நாள் கழித்து வருகிறான் என்று எழுத இடம் இல்லை. கை கழுவுகிறாயா என்று கேட்கிற படிவம், கழுவத் தண்ணி விட்டார்களா என்று கேட்பதில்லை. சாதி எங்கள் உடம்பில் ஒட்டிய அடையாளமாகப் பதிவாகிறது. ஊர்த்தெரு எங்களுக்குச் செய்கிற செயலாக எங்கேயும் பதிவாவதில்லை. இருபது வீட்டையும் கூட்டிக் கழித்தால் கடைசியில் என்ன முடிவு வரும்? ‘இம்மக்களிடையே சுகாதார விழிப்புணர்வு குறைவு.’ பழி யார் தலையில் விழுந்தது பாருங்கள்.

பாடத்திலும் இதே கதைதான். 1854இல் லண்டனில் காலரா வந்தபோது, பிராட் தெருவின் அடிபம்பில்தான் கோளாறு என்று ஜான் ஸ்நோ கண்டுபிடித்தார், பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்று படிக்கிறோம். நல்ல பாடம்தான். அந்தப் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் இருக்கவேண்டிய மகாடு எங்கே? 1927 மார்ச் 20ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் மகாடு சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? நூற்றியெட்டுப் பானையில் சாணி, மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து குளத்தில் கொட்டி, மந்திரம் ஓதி, குளம் ‘சுத்தமாகிவிட்டது’ என்றார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் எங்களுக்கும் உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது.

ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விடவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்கள். மனிதன் குடித்த தண்ணீரில் சாணியைக் கரைத்தால் எத்தனை கிருமி பெருகும் என்று நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொற்று வேற, தீட்டு வேற என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனைக்கூடம் தேவையா? சாணித் தண்ணீர் அவர்களுக்குச் சுத்தம். எங்கள் கை பட்ட தண்ணீர் அசுத்தம்.

பழைய கதை என்பீர்கள். 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மனித மலம். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கண்ணுக்கு டீக்கடையில் இரட்டைக் குவளையும் தெரிந்தது, கோயிலுக்குள் விடாததும் தெரிந்தது. இரண்டு வருசம் இழுத்தடித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீசு, அந்தத் தண்ணீரைக் குடித்த அதே மக்களில் மூன்று பேரைக் குற்றவாளி என்றது. அந்த மக்கள் இதை ஏற்கவில்லை. ஜான் ஸ்நோ கிருமியைத்தான் தேடவேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது. தண்ணீருக்கு மேலே யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். அதற்குப் பயிற்சி எந்தக் கல்லூரியில் கொடுக்கிறார்கள்?

போன லீவுல ஊர்த்தெருவுலருந்து ஆள் வந்துது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கிற பெரியவருக்கு முதுகுல புண்ணு. ‘காலனியில நர்சு படிக்கிற பொண்ணு வந்திருக்காமே, வரச் சொல்லு.’ போனேன். பெத்த மகன் மூக்கைப் பொத்திக்கிட்டு வாசப்படியிலயே நின்னான். சீழைத் தொடைச்சு, சலைன் விட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். டீ வந்துது. காகிதக் கப்புல. உள்ள அலமாரியில எவர்சில்வர் டம்ளர் வரிசையா அடுக்கி வெச்சிருந்தது கண்ணுக்குத் தெரியுது. டீயைத் தொடாம வந்துட்டேன்.

ஊசியை, கையுறையை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறி என்று ஆஸ்பத்திரியில் படிக்கிறோம். ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போகக்கூடாது என்பதற்காக. அந்த நாகரிகத்தையும் திருடிக்கொண்டார்கள் இவர்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் 1989 வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு வரும் என்று பயந்து, காகிதக் கப்புக்கு மாறி, ‘எல்லாம் சுகாதாரத்துக்காக’ என்கிறார்கள். என் கை அவர் சீழில் இருந்தபோது வராத தீட்டு, என் வாய் அவர்கள் டம்ளரில் பட்டால் வந்துவிடுமாம். இந்தக் கிருமியை எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது?

எங்க ஆயா அதே தெருவுல பிள்ளைப்பேறு பார்த்தவ. வலி எடுத்தா ராத்திரின்னும் பார்க்காம கூப்பிடுவாங்க. கொல்லைப்பக்கமாதான் போகணும். கொடி அறுத்து, நஞ்சு புதைச்சு, தீட்டுத்துணி அலசிக் கொடுத்துட்டு வந்தா ரெண்டு படி நெல்லு, ஒரு பழஞ்சேலை. அவ கையில விழுந்த பிள்ளை வளர்ந்து அவளையே ‘ஏ, வாடி’ன்னு கூப்பிடும். ஆயா செஞ்சதுக்குச் சாதித்தொழில்னு பேரு. நான் செய்யறதுக்குப் புனித சேவைன்னு பேரு. ரெண்டு பேரும் கழுவினது ஒரே ரத்தம்தான். என் மேல ஒரு வெள்ளை உடுப்பு இருக்குது. ஊர் எல்லைக்கு வந்தா அதுவும் அவங்க கண்ணுக்குத் தெரியறதில்லை.

எங்க தெரு அண்ணன் ஒருத்தர் டவுன்ல கழிவுநீர்த் தொட்டி வேலைக்குப் போறவர். கண்ணு எரியுதுன்னு காட்ட வந்தாரு. தொட்டிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். ஆனா அளவு கூடிட்டா நாத்தமே தெரியாது, மூக்கு மரத்துப்போயிடும். ‘நாத்தம் இல்ல, இறங்கு’ன்னு மேல நிக்கிற மேஸ்திரி சொல்ற நேரத்துலதான் சாவு உள்ள காத்திருக்குது. இதை அவருக்குச் சொன்னேன். ‘தெரியும் பாப்பா, இறங்கலன்னா நாளைக்கு வேலை இல்லையே’ன்னாரு. இவருக்கு என்ன விழிப்புணர்வு கொடுப்பது? 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். செத்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்தின் விலை ஏறியிருக்கிறது. இறங்குகிறவன் சாதி மாறவில்லை.

ஆஸ்பத்திரிக்குள்ளேயும் இதுதான் நிலைமை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுக்கு நிறம் பிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பைகளைத் தூக்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லித் தருவதில்லை. எங்களுக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை போட்டார்கள். ஊசி குத்தும் ஆபத்தோடு பை தூக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் போட்டாக வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதியே சொல்கிறது. நான் பயிற்சிக்குப் போன வார்டில் அந்த அக்காவிடம் கேட்டேன். ‘எங்களுக்கு யாரும்மா போடுறாங்க’ என்றார்.

சித்திரை பிறந்தா மாரியம்மன் திருவிழா. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மை இன்னும் வெயில் காலத்தில் வருகிறது. ஊர்த்தெருவுக்கும் வருது, காலனிக்கும் வருது. தேரு மட்டும் ஊர்த்தெரு முக்குலயே திரும்பிடுது. அம்மனுக்கு எங்க தெருவுக்கு வழி தெரியாமலா போச்சு? வடம் பிடிக்கிறவன் திருப்புறான். அதே வாரம் ஏப்ரல் 14, பாபாசாகேப் பிறந்தநாள். படத்தை வைத்து ஊர்வலம் போக அனுமதி கேட்டால், சட்டம் ஒழுங்கு கெடுமாம். தேர் போனால் கெடாத சட்டம் ஒழுங்கு, படம் போனால் கெடுகிறது.

இதையெல்லாம் வகுப்பில் பேசினால் ஒரே பதில்தான் வரும்: ‘நர்சுக்கு எதுக்கு அரசியல்? நோயாளியிடம் சாதி பார்க்கக்கூடாது.’ நாங்கள் எந்த நோயாளியிடம் சாதி பார்த்தோம்? எங்கள் ஆயா பார்த்திருந்தால் ஊர்த்தெருவில் பாதிப் பிள்ளை உயிரோடு பிறந்திருக்காது. சாதி பார்க்காதே என்ற போதனையைப் பார்க்கிறவனிடம் போய்ச் சொல்லுங்கள். எங்களிடம் சொன்னால் ‘நடப்பதைப் பேசாதே’ என்றுதான் அர்த்தமாகிறது.

கேட்பது சேவைக்கு நன்றி அல்ல, கணக்கு. பிராட் தெருவுக்குப் பக்கத்தில் மகாடையும் வேங்கைவயலையும் பாடமாக வை. படிவத்தில் எங்கள் சாதியைக் கேட்கும்போது, தண்ணி எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது, துணை சுகாதார நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது, டீக்கடையில் யாருக்கு எதில் டீ என்றும் கேள். ஊர்த்தெருவில் இருபது வீட்டுக்கும் அதே படிவத்தை எடுத்துப்போ. விழிப்புணர்வு யாருக்குக் குறைவு என்று பார்த்துவிடலாம். காலனிக்குள் துணை சுகாதார நிலையத்தைக் கட்டு, ஊர்த்தெரு ஜனம் அங்கே வந்து ஊசி போட்டுக்கொள்ளட்டும். பை தூக்குகிறவருக்குத் தடுப்பூசி போட்டதற்கு அட்டை காட்டு.

லீவு முடிந்து திரும்பும் தலித் மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த லீவுக்குப் படிவத்தோடு வாருங்கள். அவர்கள் கொடுக்கிற படிவத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன கேள்விகளை அதில் எழுதி, வீட்டுக்கு வீடு பதில் வாங்கி, முன்பக்கத்தோடு சேர்த்தே மேசையில் வையுங்கள். மார்க்கு போடுகிறவர் இரண்டு பக்கத்தையும் படித்துத்தான் ஆகவேண்டும்.