பத்து லட்சத்தில் படம் என்னும் வாக்குறுதி

கதையும் கணினியும் இருந்தால் போதும், கேமராவும் ஆட்களும் பெரும்பணமும் இல்லாமலே செயற்கை நுண்ணறிவுச் சேவைகளை வைத்துப் படம் எடுத்துவிடலாம் என்ற பேச்சு சுயாதீனப் படைப்பாளிகளிடையே வேகமாகப் பரவிவருகிறது. 2025-இல் வெளியான ‘லவ் யூ’ என்ற கன்னடப் படத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். சுமார் 10 லட்சம் ரூபாயில், இருவர் கொண்ட குழு முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் செய்த அந்தப் படம் தணிக்கைச் சான்றும் பெற்றது. கோடம்பாக்கத்தில் யாரையும் தெரியாமல், களமருதூர் போன்ற சிற்றூரிலிருந்து படம் எடுக்க நினைக்கும் இளைஞருக்கு இது பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் அதன்மேல் எழுப்பப்படும் மூன்று வாதங்களும் நிற்கக்கூடியவை அல்ல.

செலவு குறையும் என்பது முதல் வாதம். விளம்பரங்கள் சொல்வது தேறிய ஷாட்டின் விலையை. படைப்பாளி பணம் கட்டுவதோ தேறாத ஷாட்டுகளுக்கும் சேர்த்து. 2024-இல் சோரா என்ற வீடியோ உருவாக்கும் கருவியைக் கொண்டு ‘ஏர் ஹெட்’ குறும்படத்தைச் செய்த கனடாவின் ஷை கிட்ஸ் குழுவினர், படத்தில் வைத்ததைப் போல ஏறத்தாழ 300 மடங்கு காட்சிகளை உருவாக்க வேண்டியிருந்ததாகச் சொன்னார்கள். நாயகனின் தலையாக வரும் பலூன் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறியதையும் பிறகு ஆட்களே உட்கார்ந்து திருத்தினார்கள். இப்போது கருவிகள் மேம்பட்டுவிட்டனவே என்று கேட்கலாம். மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் 2025-இல் வந்த கூகுளின் வீயோ 3 ஒரு தடவைக்கு எட்டு நொடிக் காட்சிதான் தந்தது. ஒரே முகமும் ஒரே வெளிச்சமும் 90 நிமிடம் பிசகாமல் நிற்க வேண்டிய கதைப்படத்தில், சேவைக்குப் பணம் கட்டி வாங்கிய கிரெடிட் கரைவது இந்த ஒட்டுவேலையில்தான். அதோடு, சிறு படங்கள் படப்பிடிப்பில் மட்டும் நொடிந்துபோவதில்லை. டிஜிட்டல் திரையிடல் கட்டணம், விளம்பரம், தியேட்டரில் நல்ல காட்சிநேரம் கிடைக்காமை, ஓடிடி நிறுவனங்களின் பதிலுக்காகக் காத்திருப்பு என வெளியீட்டில்தான் பல படங்கள் விழுகின்றன. அந்தக் கதவுகளை எந்த மென்பொருளும் திறந்துவிடவில்லை.

எந்த ஊரையும் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கலாம் என்பது இரண்டாம் வாதம். இந்தக் கருவிகள் ஏற்கெனவே ஏராளமாகப் படமாக்கப்பட்டவற்றிலிருந்து கற்றவை. அந்த இளைஞரின் வட்டாரத்துக் கல்வராயன் மலையோ அப்படி ஏராளமாகப் படமாக்கப்பட்ட இடமல்ல. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினரின் பேச்சையும், கடுக்காய் பொறுக்குபவரின் நடையையும், கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி அறுத்து அழும் திருநங்கையரின் முகத்தையும் கேட்டால், கருவி ஏதோவொரு மலையையும் ஏதோவொரு திருவிழாவையும்தான் தரும். பெரிய நிறுவனங்கள் எடுக்காததை எடுப்பதுதான் சுயாதீனப் படத்தின் பலம். மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றதற்கு, அந்த வெயிலும் அந்த மனிதர்களும் திரையில் நிஜமாக இருந்தது முக்கியக் காரணம். எல்லாருக்கும் கிடைக்கும் சராசரி பிம்பத்தைக் காட்டும் படத்தை எந்த விழாவும் தேடி வராது.

படைப்பாளிக்கு முழு அதிகாரம் கிடைக்கும் என்பது மூன்றாம் வாதம். 2025 ஆகஸ்டில், தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’யின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தும் அது நடந்தது. உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு அந்தக் கருவி புதிய அதிகாரம் தந்தது, இயக்குநருக்குத் தரவில்லை. எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவம் 2024-இல் ‘கோட்’ படத்தில் அவர் குடும்பத்தின் அனுமதியோடு வந்தது. அதே ஆண்டு ‘லால் சலாம்’ படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களுக்குக் குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் அறிவித்தார். அனுமதி, ஊதியம், வழக்கறிஞர் எல்லாம் பெரிய தயாரிப்புக்குச் சாத்தியம். கிராமத்துக் கூத்துக் கலைஞரின் முகத்தையும் குரலையும் இந்தச் சேவைகளில் ஏற்றப்போகும் சிறு குழு, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஏற்றியதைச் சேவை நிறுவனம் என்ன செய்யலாம் என்பதையும் நிபந்தனைகளில் படித்தாக வேண்டும்.

அப்படியானால் ஏழைப் படைப்பாளியின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதா என்று கேட்கலாம். இல்லை. ஸ்டோரிபோர்டு வரைய, லைவ் சவுண்டிலுள்ள இரைச்சலை நீக்க, வெளிநாட்டு விழாவுக்கு சப்டைட்டிலின் முதல் வரைவைத் தயாரிக்க, கேமராவில் பதிந்த காட்சியில் ஒரு மின்கம்பத்தை அழிக்க இந்தச் சேவைகள் உண்மையில் உதவும். அங்கே செலவும் மிச்சமாகும். எந்தச் சேவைக்கும் பணம் கட்டும் முன், தன் கதையிலேயே கடினமான ஒரு காட்சியைக் கொடுத்துச் சோதித்து, மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: தேறிய ஒரு நிமிடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று, நாளை அந்த நிறுவனம் மூடினாலும் கோப்புகள் நம்மிடம் இருக்குமா, உரிமை யாருடையது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தராத சேவை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு வாரம் கூடுதலாக மலையில் தங்கிப் படமெடுப்பதே களமருதூர் இளைஞருக்கு லாபம்.