பழங்கணினியும் புதுச்செயலியும்

வடசென்னையில் வாழ்வார்க்குப் பழைய பொறியைப் புதுக்கிக்கொள்ளும் வழக்கம் புதிதன்று. காசிமேட்டுத் துறையில் விசைப்படகின் எஞ்சின் தளர்ந்ததென்று படகையே கழிப்பாரை யாம் கண்டிலேம். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவர், இயலாதாயின் வேறொன்றை இறக்கிப் பூட்டுவர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான பழைய புல்லட் வண்டிகள், பிஸ்டனும் கார்பரேட்டரும் பன்முறை மாற்றப்பெற்று இன்றும் சாலையில் முழங்குகின்றன. 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் புகைவண்டி நிலையம் 2005-இல் புதுக்கப்பெற்று நிமிர்ந்து நிற்கின்றது. இத்தகைய ஊரினராகிய நாம், கணினி ஒன்றனை மட்டும் எட்டாண்டு கடந்ததும் பழையதென்று ஒதுக்கத் துணிவது எற்றுக்கு?

இவ்வினா இப்பொழுது எழுதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திற்று. அக்கணினிகள் அன்றே நின்றுபோகவில்லை. ஆயினும் நீட்டிப்புத் திட்டத்திற் சேர்ந்தார்க்கன்றிப் பிறர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் எனின், அது செயலியின் பெயரைப் பட்டியலில் தேடுகின்றது. ஓரிரு விலக்குகள் நீங்கலாக, இன்டெல் ஆயின் எட்டாம் தலைமுறையும், ஏ.எம்.டி. ஆயின் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் வேண்டும். அவற்றிற்கு முற்பட்டவை எத்துணை நன்றாக உழைப்பினும் வாயிலிலேயே நிறுத்தப்படும்.

ஈண்டு ஒரு சொல். நூல்களிற் ‘செயலி’ என்கின்றோம். ரிச்சி தெருவில் ‘பிராசசர்’ என்றாற்றான் கடைக்காரர் கண்ணாடிப் பேழையைத் திறப்பார். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய எம்மை ஆசிரியர் பொறுத்தருள்க. இனிக் கடைத்தெரு வழக்கையே கைக்கொள்வோம்.

எல்லாரும் பிராசசரை மாற்றுக என்பது எம் கருத்தன்று. கணினி மெதுவாயிற்று என்று முறையிடுவாரிற் பலருக்குக் குற்றம் பிராசசரிடத்தில் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கினை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, 4 ஜி.பி. ராமை 8 அல்லது 16 ஆக்கினால் பாதி முறையீடு ஒழியும். மேலும், கடலை அடுத்த நம் பகுதியில் உப்புக்காற்றும், கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதியும் விசிறியிற் படிந்து வெப்பம் வெளியேறாது தடுக்கும். சூடேறிய பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு தூரிகையும் சிறிது தெர்மல் பேஸ்டும் முடிக்கக்கூடிய வேலைக்குப் பல்லாயிரம் ரூபாயைச் செலவிடுதல் அறியாமை. மடிக்கணினி உடையார்க்கோ இப்பேச்சே பெரும்பாலும் பயன்படாது. அண்மைக்காலத்தனவற்றில் பிராசசர் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

பின் யார்க்குப் பயன்படும் எனின், 2017, 2018-ஆம் ஆண்டுகளில் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்டு வாங்கியவர்க்கு. அக்காலத்து ரைசன் 5 1600 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ஆயின் 2022-இல் அந்நிறுவனம், 300 வரிசைப் பழைய போர்டுகளும் 5000 வரிசைப் பிராசசர்களை ஏற்றுக்கொள்ள வழிவகுத்தது. அவ்வாண்டே வெளிவந்த ரைசன் 5 5600-ஐ அதே குழியில் அமர்த்தலாம். இரண்டிற்கும் கோர் ஆறே. இரண்டும் 65 வாட் வகுப்பினவே. ஆதலின் பவர் சப்ளையை மாற்ற வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் மூன்றாம் நிலைக் கேஷ் மட்டும் 16 எம்.பி.யிலிருந்து 32 ஆகின்றது. வேகமும் நன்கு மிகும். பழைய டி.டி.ஆர்.4 ராமும் அப்படியே உதவும். இது சிறுபேறன்று. புதிய ஏ.எம்.5 போர்டோ டி.டி.ஆர்.5-ஐயே ஏற்கும், நினைவகத்தின் விலையும் 2025-இன் பிற்பகுதியிற் கடுமையாக ஏறிற்று.

இன்டெல்லின் ஆறாம் தலைமுறைக் கணினி உடையார்க்கு இப்பேறு இல்லை. எட்டாம் தலைமுறைப் பிராசசரும் 1151 தொடுமுனைகளே உடையது; உருவிற் பொருந்தும்; ஆயினும் அதற்கு 300 வரிசைப் போர்டே வேண்டும் என்று நிறுவனத்தார் வகுத்துவிட்டனர். சாவி பூட்டினுள் நுழைந்தும் திரும்பாமை போல்வது இது. அன்னார் ஐ3-ஐ நீக்கி ஐ7 இட்டால் வேகம் பெறுவர்; விண்டோஸ் 11 பெறார். அவர்க்கு லினக்ஸ் உண்டு. சென்னைச் சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்றதொன்றே கட்டுரை எழுதவும், மதுரைத் திட்டத்தார் தொகுத்த பழந்தமிழ் நூல்களைப் படிக்கவும் போதும். எம் பாடப்பகுதிக்கு இதனினும் மிகுதியாக எது வேண்டும்?

தெரிவு செய்வார் ஒன்றை நன்கு நோக்குக. ரைசன் 3 2200ஜி உடையார் பலர் தனிக் கிராபிக்ஸ் கார்டு வைத்திலர். அவர் 5600 வாங்கிப் பொருத்தினால் திரையில் ஒன்றும் தோன்றாது. அவர் வேண்டுவது 5600ஜி. அன்றியும், போர்டு செய்த நிறுவனம் புதிய பயாஸ் வெளியிட்டுள்ளதா என்று பணம் கொடுக்குமுன் பார்த்தல் வேண்டும். அந்தப் பயாஸைப் பழைய பிராசசர் குழியில் இருக்கும்போதே ஏற்றிக்கொள்க. ஏற்றும்பொழுது மின்சாரம் நின்றால் போர்டே பாழாகலாம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து வாழும் எண்ணூரார்க்கும் மின்தடை உண்டாகலான், ஒரு யு.பி.எஸ். இரவல் பெறுதல் நன்று.

கலாசாலையின் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். கணினிக்கூடத்திற்குப் புதிய பெட்டிகளைப் பரிசளிப்பது கண்ணுக்கு இனிது, புகைப்படத்திற்கும் ஏற்றது. ஆயின், ஒரு புதுக்கணினியின் விலைக்குப் பழைய கணினிகள் பலவற்றிற்குப் பிராசசரோ எஸ்.எஸ்.டி.யோ வாங்கலாம். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் உடன்பிறந்தார் மூவர் ஒரே கணினியைப் பங்கிடும் இல்லங்கள் உள. அங்ஙனம் புதுக்கியவற்றுட் சில அவ்வீடுகளுக்குச் செல்லுமாயின் எத்துணை நலம்! கழித்த கணினி மறைந்துபோவதில்லை. முறைசாராப் பட்டறைகளிற் செம்பு வேண்டி வயர்களை எரிப்பர். ஈயம் மண்ணிற் சேரும். மாநகரின் குப்பையைக் கொடுங்கையூர் சுமந்த காலம் போதாதா? உண்மையிலேயே உழைப்பற்றவற்றை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கழற்றிய 1600-ஐயும் எறிந்துவிட வேண்டா. நான்கு கோர் உடைய ரைசன் 3 1200 வைத்திருக்கும் நண்பர்க்கு அது இன்னும் ஏற்றமே. ஆனால் ஏ.எம்.4 பிராசசருக்கு ஊசிகள் அதன் அடியிலேயே உள. சட்டைப்பையில் இட்டுக்கொண்டு மின்வண்டிக் கூட்டத்தில் ஏறற்க.