கொரங்காட்டைக் கைவிட்டோம்

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பண்ணையம் பார்க்கும் குடும்பங்கள் நாங்கள். எங்கள் தாத்தாக்கள் வைத்திருந்த கொரங்காடு வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்ச்சல் தீர்ந்தால் படலைச் சாத்திவிட்டு மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல நெற்று உதிரும். மனிதர் தின்ன முடியாததைத் தின்றுவிட்டுப் பாலும் எருவும் உழவும் தந்தது மாடு.

அந்தக் காட்டை எவரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. மனைக்கும் காற்றாலைக்கும் நாங்களே விற்றோம். மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடம் எழும்பியபோது கிராம சபையில் வாய் திறக்கவில்லை.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தப் பால் காசில்தான். ஆனால் பால் சொசைட்டியில் ஊற்றிய லிட்டரை எண்ணிய நாங்கள், அதற்காக இறைத்த தண்ணீரை எண்ணவில்லை. கட்டுத்தரையில் நிற்கும் கலப்பின மாட்டுக்குக் கோ-4 தீவனப் புல் வேண்டும். புல்லுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். ஆயிரம் அடிக்குத் துளைத்தோம். முன்பு சோளம் விதைத்தால் தானியம் வீட்டுக்கு, தட்டு மாட்டுக்கு. இன்று மாட்டுத் தீவனத்துக்கென்றே மக்காச்சோளம் விளைகிறது. இதற்கெல்லாம் நாங்கள் இறைத்தது பேரப்பிள்ளைகளின் சோற்றுக்கென நிலத்தடியில் இருந்த நீர்.

நாங்கள் எண்ணாதது தண்ணீர் மட்டுமல்ல. மாட்டின் வயிற்றில் நார் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையினுடையது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் சொன்னது. 'அது வெளிநாட்டு இறைச்சிப் பண்ணைகளின் பாவம்' என்று தள்ளிவிட்டோம். ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். நாட்டு மாட்டைக் காட்டியும் தப்ப முடியாது. குறைவாகக் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு விழும் மீத்தேன் அதிகம். சத்தில்லாத தீவனம் அதை இன்னும் கூட்டும். நல்ல மேய்ச்சலை அழித்துவிட்டுக் காய்ந்த வைக்கோலைப் போட்டவர்கள் நாங்கள்தான்.

கொழுக்கட்டைப் புல்லின் விதையை எந்தப் பக்குவத்தில் உருவ வேண்டும், எந்த மழைக்கு முன் தூவ வேண்டும் என்று தெரிந்த கிழவிகள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.