அழித்ததும் ஒதுக்கியதும்



வீட்டுப் பத்திரத்தின் நகலை மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம். வேலை முடிந்ததும் அக்கடிதத்தைக் கண்ணிலிருந்து அகற்றிவிட்டு, இனி எவரும் காணார் என்று நிம்மதியடைகிறோம். அந்நிம்மதி பல வேளைகளில் அவசரமானதாகும்.

1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வகுத்த ஐமேப் முறையில், கடிதங்கள் சேவை நிறுவனத்தின் சர்வரிலேயே தங்கும். நம் கைப்பேசியும் கணினியும் அவற்றைக் காட்டும் சாளரங்களே. அம்முறையில் அழித்தல் இரு படிகளைக் கொண்டது. முதலில் கடிதத்தின்மீது ‘நீக்கப்பட்டது’ என்னும் குறி மட்டும் இடப்படும். ‘எக்ஸ்பஞ்ச்’ என்னும் கட்டளை சென்ற பின்னரே அது அகற்றப்படும்.

ஜிமெயிலின் வழக்கமோ சற்று வேறு. அங்கே இன்பாக்ஸ் என்பது கடிதத்தின்மீது ஒட்டிய ஒரு சீட்டைப் போன்றது. ‘ஆர்க்கைவ்’ செய்தால் அச்சீட்டு மட்டுமே கழலும். கடிதம் ‘ஆல் மெயில்’ பகுதியில் அப்படியே இருக்கும். ‘டிராஷ்’ என்னும் குப்பைக்கூடைக்கு அனுப்பியதும் 30 நாட்கள் கழிந்த பின்னரே தானாக அழியும்.

ஆதலால், கடிதம் காணாமற்போயிற்றென்று வருந்துமுன் ‘ஆல் மெயில்’ பகுதியில் தேடிப் பாருங்கள். ஒழிக்க வேண்டியதைக் குப்பைக்கூடைக்கு அனுப்பி, அக்கூடையையும் காலி செய்யுங்கள். அதன் பின்னரும், பெற்றவரிடம் ஒரு பிரதி இருக்கும் என்பதை மறவாதீர்கள். கண்ணுக்கு மறைந்ததெல்லாம் அழிந்ததாகாது. எனவே, அனுப்புவதற்கு முன்னரே ஒருகணம் சிந்திப்பதே சிறந்த பாதுகாப்பு.