ஸைத்தூன் போத்தலில் பெயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. வியாபாரிகள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன கிழமை எங்கள் ஆசிரியர் அறை மேசைக்கு ஒரு ஸைத்தூன் எண்ணெய் போத்தல் வந்தது. டீச்சர் ஒருவர் தன் உம்மாவின் முழங்கால் வலிக்கென்று வாங்கியது. வெள்ளை பிளாஸ்டிக் போத்தல். "100% சுத்தமான ஸைத்தூன்" என்று பச்சை எழுத்து, பக்கத்தில் ஒரு மரம். எந்த நாட்டுச் சரக்கு, யார் இறக்கினார், எப்போது அடைத்தது, எப்போது காலாவதி? ஒன்றுமே இல்லை. விற்ற தம்பியிடம் கேட்டோம். "சேர், குர்ஆன்ல சொன்ன பொருள், நம்பி வாங்குங்க" என்றார்.

குர்ஆனில் ஸைத்தூன் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பியின் போத்தல் சொல்லப்படவில்லை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியின் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டுப் பார்த்த சம்பவம் மதரஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்க்கத்தைச் சொல்லி விற்பவருக்கு மட்டும் அது எப்படி மறந்து போகிறது?

வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த நமது பிள்ளைகள் சொந்தமாக இறக்குமதி செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது லேசான தொழிலும் இல்லை. முழுக் கொள்கலனுக்குக் காசு இல்லாமல் நாலைந்து பேர் பங்கு போட்டு இறக்குகிறார்கள். சரக்கின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டித்தான் சுங்கத்தில் வரி போடுவார்கள். ஸ்பெயினில் வரட்சி வந்து 2022, 2023 அறுவடைகள் விழுந்தபோது உலகம் முழுக்க விலை ஏறியது. அந்த நேரத்திலும் நமது ஊரில் சில போத்தல்களின் விலை அசையவே இல்லை. எப்படி என்று நாம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விசயம் புரிந்திருக்கும். எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்பது இரசாயனம் சேர்க்காமல் பழத்தில் இருந்து நேரே எடுப்பது, அமிலத்தன்மை 0.8 வீதத்தைத் தாண்டக்கூடாது. வெறும் "ஒலிவ் எண்ணெய்" என்று இருந்தால் அது சுத்திகரித்த எண்ணெயோடு வேர்ஜின் கலந்தது. மூன்றாவது பொமேஸ். பிழிந்த சக்கையில் மிஞ்சியதைக் கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரிப்பது. பொமேஸ் விற்பது குற்றமில்லை. ஆனால் சர்வதேச ஒலிவ் சபையின் தரப்படி அதை ஒலிவ் எண்ணெய் என்ற பெயரில் விற்கக்கூடாது. பீப்பாயில் இறக்கி, சின்னப் போத்தலில் ஊற்றி, மரம் படம் ஒட்டினால் மூன்றும் ஒன்றாகிவிடுகிறது.

பிரிட்ஜில் வைத்து உறைந்தால் அசல் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பிழை. கலப்பட எண்ணெயும் உறையும், நல்ல எண்ணெய் சில நேரம் உறையாமலும் இருக்கும். நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. சுவை பார்க்கும் நிபுணர்கள் நிறம் தெரியாமல் இருக்கத்தான் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள்.

இதில் நமது பிழையும் இருக்கிறது. ஒழுங்காக லேபல் ஒட்டி, கறுத்தப் போத்தலில் நல்ல சரக்கு கொண்டுவந்த சகோதரர் ஒருவரிடம், "கசக்குது, தொண்டையில குத்துது, பழுதாப் போச்சு" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நாம்தான். புது எக்ஸ்ட்ரா வேர்ஜின் அப்படித்தான் குத்தும். அவர் இப்போது அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

எண்ணெய்தானே என்று நினைக்காதீர்கள். 1981இல் ஸ்பெயினில் தொழிற்சாலைப் பாவனைக்கான கடுகின எண்ணெயை ஒலிவ் எண்ணெய் என்று விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300 பேருக்கு மேல் மௌத்தானார்கள். நமது நாட்டிலேயே 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அப்லடொக்சின் கண்டுபிடித்து, கொள்கலன்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது.

2019க்குப் பிறகு நமது கடைகளுக்குப் போக வேண்டாம் என்று பிரசாரம் செய்தார்கள். அநியாயம் என்றோம், அநியாயம்தான். இன்று சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் இந்த எண்ணெயை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பூசுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் விற்ற தம்பியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் எல்லோருடைய பெயரையும்தான் சொல்வார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள்: லேபல் இல்லாத எண்ணெய்க்கு ஜும்ஆ நாளில் வாசலில் மேசை போட அனுமதிக்காதீர்கள். வாங்குபவர்களுக்கு: நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977.

அந்தப் போத்தல் இன்னும் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. வாற வெள்ளிக்குள் எங்கிருந்து வந்தது என்று தம்பி பில்லைக் காட்டட்டும். காட்டினால் இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போடுவோம். இல்லையென்றால் சனிக்கிழமை அதை பீ.எச்.ஐ. கையில் கொடுப்போம்.